மைலேஜ் விசாரணை

"பெட்ரோல் எங்கடா போகுது? சொல்லாம இன்னிக்கு நீ வீட்டுக்குப் போக முடியாது."

வாசலில் நின்ற வெள்ளைக் காரின் பானெட் மேல் ஓங்கித் தட்டினார் ரகுபதி. எண்ணூரில் ஒரு பெரிய ரசாயன ஆலையின் மேலாளர்; வீடும் அதே ஊரில்தான். எதிரே டிரைவர் சுஹைப் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காலையில் அவரை ஆலையில் இறக்கிவிட்டு, பகலெல்லாம் வண்டியை வீட்டு வாசலில் போட்டு, சாயங்காலம் போய் அழைத்து வருவது அவன் வேலை.

"ஒரு சொட்டு எடுக்கல சார். அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். கணக்கு பேசும்."

ரகுபதிக்கு மைலேஜ் என்பது வெறும் கணக்கல்ல, ஒழுக்கம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மைக் கைக்கு வந்தால், தெருவிளக்கில் ஆரம்பித்தாலும் டயர் காற்றில்தான் முடிப்பார். அப்பேர்ப்பட்டவரின் வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது; மூன்று மாதமாக எட்டுக்கு இறங்கிவிட்டது. மகன் பிளஸ் டூவில் தவறியதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

டேங்க்கை வழிய நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, ஓடவிட்டு, மறுபடி அதே பங்க்கில் அதே பம்ப்பில் நிரப்பிப் பார்த்தார். எட்டுதான். ஏர் ஃபில்டரை மாற்றினார். பிளக்கை மாற்றினார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். எங்கும் ஒழுகலும் இல்லை. இனி மாற்ற மிச்சமிருந்தது டிரைவர் ஒருவன்தான்.

"எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரி நிக்குதுல்ல சார். அதுல மாட்டிக்கினா…"

"மூணு மாசம் முன்னாடி அங்க என்ன மாட்டு வண்டியா போச்சு? அப்பவும் லாரிதான். அப்ப பதினெட்டு குடுத்துதே. நின்னா இன்ஜினை ஆஃப் பண்ணுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பண்ணிடுவேன் சார்."

"அப்ப டியூப் போட்டு உறிஞ்சி வித்திருக்கே. யாருக்கு? தெருமுனை ஆட்டோக்காரன் பாரிக்கா?"

சுஹைபின் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னா சார், வாய்க்கு வந்தத பேசினு கீறீங்க. எங்க வூட்ல யாரும் திருடித் துன்னவங்க கெடையாது."

"சரி, நீ யோக்கியன். பெட்ரோல் எங்க போகுதுன்னு தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லு."

சுஹைப் வீட்டுக் கதவை ஒரு தரம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன்."

ரகுபதி இருபது வருடமாக அதிகாரி. 'தெரியும், சொல்ல மாட்டேன்' என்பது அந்த இருபது வருடமும் அவருக்கு மட்டுமே சொந்தமான வாக்கியம். அதை ஒரு டிரைவர் தன்னிடமே சொன்னதும் அவருக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"சொல்ல மாட்டியா? ஸ்டேஷன்ல சொல்லுவே. லைசென்ஸை எடு. திருவொற்றியூர்லேர்ந்து மீஞ்சூர் வரைக்கும் எவன் வண்டியிலயும் நீ ஸ்டியரிங்கைத் தொட முடியாது."

சுஹைபின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. "அத புடுங்கிட்டா நான் இன்னா சார் பண்ணுவேன்? வூட்ல ரெண்டு பொண்ணு கீது."

"டியூப்பை வாயில வைக்கறப்ப அதுங்க ஞாபகம் வரலையா?"

கதவைத் திறந்துகொண்டு மனைவி மங்கை எட்டிப் பார்த்தாள். "உள்ள வாங்க. காலையில கேமரா வெச்சு எடுத்தாங்களே, உங்க பேட்டி, அதை டிவியில போடப் போறாங்க."

"அது கிடக்கட்டும். முதல்ல இவனைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன். மூணு மாசமா நம்ம பெட்ரோலைத் திருடியிருக்கான்." போனை எடுத்தார்.

மங்கை வாசலுக்கே வந்துவிட்டாள். "இவ்வளவு திட்டு வாங்கியும் நீ சொல்லலியாப்பா?"

"நீங்கதானம்மா சொல்ல வேணாம்னீங்க."

ரகுபதியின் விரல் போன் மேலேயே நின்றது. "என்னடி இது?"

"போனை உள்ள வைங்க. அவன் ஒண்ணும் திருடல. நான்தான் எரிச்சேன்."

"நீயா? உனக்கு ரிவர்ஸ் கியர் எதுன்னே தெரியாது. எங்க ஊர் சுத்தினே?"

"எங்கயும் போகல. வண்டி இந்த இடத்தை விட்டு நகரல, அதான் உங்க கிலோமீட்டர் கணக்குல வரல." மங்கையின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத குரல். "மூணு மாசமா பகல்ல அந்த கேஸ் நாத்தம் வருது. நெஞ்சு அடைச்சுக்குது. எந்த ஜன்னலைச் சாத்தினாலும் உள்ள வந்துடுது. ஒருநாள் நான் மயங்கி விழப் போனப்ப, இவன்தான் வண்டியில உக்கார வெச்சு, கண்ணாடியெல்லாம் ஏத்தி, வெளிக்காத்து வராம ஏசியைப் போட்டான். அதுலேர்ந்து தினமும் அப்படித்தான். எதிர்வீட்டு கீர்த்தியும் கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்து பின் சீட்ல உக்காந்துப்பா. நாத்தம் அடங்கற வரைக்கும் இன்ஜின் ஓடும். நின்ன வண்டியில பெட்ரோல் எரியுதுன்னா நீங்க குதிப்பீங்கன்னுதான் இவனைச் சொல்ல வேணாம்னேன்."

ரகுபதி பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் கூடத்து டிவியிலிருந்து அவர் குரலே கணீரென்று வந்தது.

"எங்க ஆலையிலேர்ந்து வாயு கசியுதுன்னு சொல்றது கடைஞ்செடுத்த பொய். அப்படி இருந்தா, இதே ஊர்ல என் மனைவி நிம்மதியா மூச்சு விட முடியுமா, நீங்களே சொல்லுங்க."