இடப்பக்கம் இழுக்கும் சில்லு

“வண்டிச் சில்லு இடப்பக்கம் இழுக்குதுன்னு போடு,” என்றார் ராஜலிங்கம்.

மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்த மகள் கிருஷாந்தி நிமிர்ந்து பார்த்தாள். “நேத்து வலப்பக்கம் இழுக்குதுன்னு சொன்னீங்களேப்பா.”

“நேத்து வலப்பக்கம், இன்னைக்கு இடப்பக்கம். செஞ்சவன் புத்தி மாதிரிதானே சில்லும் ஓடும்.”

கண்டியில் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலுக்கு நாற்பது சாப்பாட்டுத் தள்ளுவண்டிகள் வேண்டும். தனியாகச் செய்து கொடுக்க எந்தப் பட்டறைக்கும் வசதி போதாது. கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனம் மூன்று பட்டறைகளைக் கம்பியூட்டரில் கோர்த்து, எட்டு வாரத்துக்கு மட்டும் ஒரே கம்பனி ஆக்கியது. கல்யாணப் பந்தல் மாதிரி. வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள்.

தட்டுகள் அக்குறணை முஹைதீனுடையவை. சில்லும் அடிச்சட்டமும் கட்டுகஸ்தோட்டை ஸ்ரீதரனுடையவை. பூட்டி, மெருகேற்றி, சரிபார்ப்பது கண்டி ராஜலிங்கம்.

ஸ்ரீதரன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. பேச்சு நின்று பதினொரு வருஷம்.

கோயில் சபையும் இரு பக்கத்து உறவினர்களும் முயன்று தோற்ற காரியத்தை, யாரிடம் என்ன மெஷின் இருக்கிறது என்று மட்டும் பார்த்து அந்தக் கம்பியூட்டர் முடித்து வைத்தது. சொந்தபந்தம் இல்லாதவனுக்குத்தான் எவ்வளவு தெளிவு!

பெரிய சண்டை ஒன்றுமில்லை. தம்பி புது வீடு குடிபுகுந்தபோது அண்ணனுக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினான். முத்திரை ஒட்டி, தண்ணீர் பில் வருகிற மாதிரி. கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் நடுவே சமுத்திரம் கிடக்கிறது அல்லவா, பாவம், நீந்தியா வருவான்?

அவன் வாசலை இனி மிதிப்பதில்லை என்று ராஜலிங்கம் அன்றே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

அடுத்த மாதம் கிருஷாந்திக்குக் கல்யாணம். ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் வெற்றிலைத் தட்டில் அழைப்பிதழ் வைத்தாயிற்று, ஒரு வீட்டைத் தவிர. சித்தப்பா இல்லாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் இரண்டு முறை அழுதுவிட்டாள்.

தபாலில் அனுப்பினால் தம்பிக்கும் தனக்கும் வித்தியாசம் இல்லை. நேரில் போனால் சொன்ன சொல் போயிற்று.

இந்த லட்சணத்தில், சித்தப்பாவின் சில்லு பூட்டிய கடைசி வண்டியை அப்பா மறுத்துக்கொண்டே இருக்கிறார். திங்கட்கிழமை ஒரு தடவை. நேற்று ஒரு தடவை. இரண்டு தடவையும் ஸ்ரீதரன் ஆள் அனுப்பிச் சில்லை மாற்றினான். தான் வரவில்லை. மானஸ்தன், அண்ணனைப் போலவே.

வெள்ளிக்கிழமை நாற்பதும் போய்ச் சேராவிட்டால் மூன்று பட்டறைக்கும் ஓடர் இல்லை.

“ஒங்களுக்கு மனசாட்சியே இல்லையாப்பா?” என்று கேட்டபடி கிருஷாந்தி பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சிவப்பு எழுத்துகள் விழுந்தன. அவள் வாய்விட்டு வாசித்தாள். ஒரே பொருள் மூன்று முறை மறுக்கப்பட்டால், செய்த பட்டறையின் உரிமையாளர் மறுநாள் காலை பத்து மணிக்கு, மறுத்தவரின் இடத்துக்கு நேரில் வந்து பார்வையிட வேண்டும்.

சற்று நேரத்தில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பதில் வந்தது: வருகிறேன்.

“அப்பா! சித்தப்பா இங்க வாராரு!”

“கம்பியூட்டர் கூப்பிடுது, வாரான். நானா கூப்பிட்டேன்?”

கிருஷாந்தி எழுந்துபோய் அந்த வண்டியை ஒற்றை விரலால் தள்ளினாள். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, பட்டறையின் மறுகோடியில் நின்றது.

ராஜலிங்கம் அதைப் பார்க்கவில்லை. “அம்மாகிட்ட வெத்திலைத் தட்டத் தொலக்கி வைக்கச் சொல்லு,” என்றார்.

நாளை வியாழக்கிழமை. ராகுகாலம் மத்தியானத்துக்குப் பிறகுதான். அதை அவர் திங்கட்கிழமை காலையிலேயே, முதல் தடவை மறுப்பதற்கு முன்பே, நாட்காட்டியில் பார்த்து வைத்திருந்தார்.