ஜனத்தொகை டீச்சர்

மதிலுக்கு அப்புறம், ஜெஸ்பின் வீட்டு முற்றத்தில், ஜனத்தொகை எடுக்க வந்த டீச்சர் உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது. மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நடுவே சிரிப்பு வேறு. இந்தப் பக்கம், தன் வீட்டு வாசலில், ராகேல் துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைக்கிறாள். வெயில் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் டீச்சர் இங்கே வருகிறார். உட்காரவில்லை, நின்றபடியே போனைத் தட்டுகிறார். "வீட்டுல எத்தன பேரு?" "நாலு. மூத்தவன் எட்சன் துபாயில..." "இங்க தங்குதவங்கள மட்டும் சொல்லுங்கம்மா." "இங்க நான் ஒருத்திதான்..." பந்து பொறுக்க வந்த ஜெஸ்பினின் மகளை ராகேல் பிடித்து இடுப்போடு அணைக்கிறாள். "இவ ராத்திரி எனக்க கூடதான் ஒறங்குவா. எழுதுங்க." மதிலுக்கு மேலே ஜெஸ்பினின் தலை தெரிகிறது. "அவள இங்க எழுதியாச்சு, ராகேலக்கா." "அப்ப அங்க அழியுங்க டீச்சர்," என்கிறாள் ராகேல். "ஜெஸ்பினுக்குத்தான் வீடு நெறைய ஆளு கெடக்கே."