அப்பாவின் வலது கால்

மூன்றாவது அடிக்கும் கால் அசையவில்லை.

அவள் ரப்பர் சுத்தியலைத் திருப்பிப் பார்த்தாள். தப்பு அதில் இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை. காலையிலிருந்து இந்தத் தெருவில் ஏழு பேருடைய முட்டியைத் தட்டியிருந்தாள். ஏழு பேருக்கும் கால் துள்ளியது.

டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளை முதல் சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் திரும்பினால் இப்படித்தான். படித்தது என்னவோ ஏழு மாதம். அதற்குள் கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் நோயாளி.

அம்மாவின் கால் அளவாகத் துள்ளியது. எதிர்வீட்டுப் பிச்சம்மாள் சுத்தியல் படும் முன்பே காலை வீசி ஆட்டினாள். "நீங்களா ஆட்டக் கூடாது பெரியம்மா, சும்மா இருங்க" என்று இவள் போட்ட அதட்டலில் வாசலே சிரித்தது. அப்பாவும்தான் சிரித்தார்.

இப்போது அவருடைய முறை.

பின்கட்டில், துணி துவைக்கிற கல்லின்மேல், கைலியை முட்டிக்கு மேலே ஏற்றிக்கொண்டு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் சோலைமலை. இருபத்தாறு வருடமாக பஸ் டிரைவர். அதில் பத்தொன்பது வருடம் இதே மேலூர் ரோடு.

முட்டிச் சில்லுக்குக் கீழே விரலால் தடவி, தசைநாணைக் கண்டுபிடித்து, நான்காவது முறை தட்டினாள்.

ஒன்றுமில்லை.

இடது காலில் தட்டினாள். அதிலும் ஒன்றுமில்லை.

நாணில் விழுகிற அடி தண்டுவடம் வரை செய்தி போய்த் திரும்பும். கால் உதைக்கும். மூளையைக் கேட்க வேண்டியதில்லை. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும். உதைக்காவிட்டால் என்ன அர்த்தம் என்பதைத்தான் முதல் வருடத்தில் சொல்லித்தருகிறார்கள். போகிற வழியிலோ வருகிற வழியிலோ நரம்பு கெட்டிருக்கலாம். எதனால் கெடும் என்று பாடத்தில் வரிசையாகப் போட்டிருந்தது.

முதலில் இருந்தது சர்க்கரை.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம்.

அந்த வரியை மஞ்சள் அடித்து மனப்பாடம் செய்தவளே அவள்தான். அன்றைக்கு அப்பா ஞாபகத்துக்கே வரவில்லை. மதிப்பெண்தான் ஞாபகத்தில் இருந்தது. அதை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

வலது காலைப் பார்த்தாள். பெருவிரல் நகம் கறுத்துப்போன அகலமான கால். நாளைக்குக் காலை ஐந்தரை மணிக்கு அது பிரேக்கின்மேல் இருக்கும். பின்னால் ஐம்பது அறுபது பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

சொன்னால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்காத அப்பாவை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சொல்லாமல் விட்டால்?



"என்ன தாயி, அப்பா பாஸா?"

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு முறை இடம் பார்ப்பவள்போல அவருடைய தொடையில் கையை வைத்தாள்.

தொடை கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது.

இன்னொரு தொடையைத் தொட்டாள். அதுவும் அப்படித்தான்.

"ஏம்ப்பா காலை இந்த இறுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

"நீதான தாயி பிச்சம்மாளச் சத்தம் போட்ட, ஆட்டக் கூடாதுன்னு? எனக்கும் ரெண்டு தடவ ஆடத்தான் பாத்துச்சு. விடுவேனா?"

பெருமை வேறு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா சொல்லைக் கேட்டு நரம்பை நம்பிவிட முடியாது. மூளை காலைப் பிடித்து வைத்திருந்தால், மூளைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். செய்முறை வகுப்பில் அதையும் சொல்லித்தந்திருந்தார்கள். பயத்தில் மறந்தே போயிருந்தது.

"ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்துக்கங்க. இழுங்கன்னு சொன்னதும் பலமா இழுக்கணும். என்னையப் பாக்கக் கூடாது. அந்த முருங்கை மரத்தப் பாருங்க."

அவர் மரத்தைப் பார்த்தார்.

அவள் சாமி கும்பிட்டுப் பல மாதம் ஆகிறது. இப்போது அழகரைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"இழுங்க!"

தட்டினாள்.

கால் உதைத்தது. விருட்டென்று உதைத்து, எதிரே இருந்த வாளியைச் சாய்த்து, தண்ணீரை அவள்மேல் கொட்டியது.

இடது காலில் தட்டினாள். அதுவும் உதைத்தது. வலது காலுக்கே திரும்ப வந்தாள். தட்டினாள், உதைத்தது. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. தேவையே இல்லை, ஆனாலும் தட்டினாள்.

போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா பதறிப்போய்க் கல்லிலிருந்து குதித்தார்.

"எங்க தாயி பட்டுச்சு? நான் ஆட்டல தாயி, சத்தியமா. அதுவா போயிருச்சு."

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவரோ சுற்றிச் சுற்றி வந்து அடிபட்ட இடத்தைத் தேடினார்.

அவள் முழங்கையை நீட்டினாள். அங்கே எதுவும் பட்டிருக்கவில்லை.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வாயால் ஊதி ஊதித் தேய்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேலப்பா" என்றாள்.