கண்ணாடி மங்குது மாப்பிள்ளை

டேஷ்போர்டை முழுதாகக் கழற்றித் தரையில் படுக்கவைத்தாயிற்று. கோளாறு மட்டும் அகப்படவில்லை.

மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். பட்டறை ஓரத்து நாற்காலியில், கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக, அவனுடைய மாமனார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு யாருடைய காராக இருந்தாலும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருப்பான். இது மாமனாரின் கார். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் பின்சீட்டில் சாய்ந்து போன, கப்பல் மாதிரி வண்டி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் டயருக்குக் காற்றடிக்கக்கூட அது இந்தப் பட்டறைப் பக்கம் வந்ததில்லை. மூத்த மாப்பிள்ளை பல் டாக்டர். அவரிடம் மாமனார் வாயையே திறந்து காட்டியிருக்கிறார். இளையவனிடம் பானெட்டைத் திறந்து காட்ட இன்றைக்குத்தான் மனசு வந்தது.

"கண்ணாடி மங்குது மாப்பிள்ளை," என்று காலையில் சாவியை நீட்டியிருந்தார். "குளிர்லேர்ந்து வந்து ஏறி உக்காந்ததும் பொசுக்குன்னு மங்கிடுது. எதிர்ல வர்றது லாரியா லைட் கம்பமான்னே தெரியல. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது."

நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொன்னால் வைத்தியனுக்கு என்ன கவலை? ஹீட்டர்தான்.

கண்ணும் கருத்துமாக இறங்கினான். கூலண்ட் குறையவில்லை. தெர்மோஸ்டாட் சொன்ன பேச்சைக் கேட்டது. புளோயர் பேய்க்காற்றாக அடித்தது. முன்கண்ணாடியில் வாயால் ஊதிப் பார்த்தான். சூடான காற்றைத் திருப்பிவிட்டதும் படிந்த ஆவி ஓடியே போய்விட்டது. ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தான். மங்கவில்லை.

"நீங்க ஓட்டினா மங்காது. நான் ஓட்டினாத்தான் மங்கும்," என்றார் மாமனார், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரைக் கண்டதும் குழந்தைக்கு இருமல் நின்றுவிடுவதில்லையா, அது மாதிரிதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மிச்சமிருந்தது ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். அது துளி கசிந்தாலும் கண்ணாடியில் ஆவி படியும். இந்த வண்டியில் அதைத் தொட வேண்டுமென்றால் பாதிக் காரைப் பிரிக்க வேண்டும்.

பிரித்தான். கோரில் பொட்டு ஈரமில்லை.

அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "தெரியலைங்க மாமா" என்று சொல்ல வேண்டியதுதான். மூத்தவர் வலிக்காமல் பல் பிடுங்கிய கதையை இனி ஆயுசுக்கும் கேட்க வேண்டியதுதான்.

அதைச் சொல்வதற்குமுன் மரியாதைக்கு ஒரு டீயாவது கொடுப்போமென்று, கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பையை மாமனார் கையில் கொடுத்தான்.

மாமனார் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். அப்படியே துள்ளினார்.

"பாருங்க, பாருங்க! இதோ மங்குது மாப்பிள்ளை!"

மாமனார் இருந்தது நாற்காலியில். கார் கிடந்தது பட்டறையின் அந்தக் கோடியில், துண்டு துண்டாக.

மெக்கானிக் தரையைப் பார்த்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். மூக்கின்மேல் வெள்ளையாக இரண்டு வட்டங்கள்.

அதுவும் கண்ணாடிதான். நன்றாகவே மங்கியிருந்தது.

அவன் மாமனாரிடம் போனான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு தடவி, மெல்லிய துணியால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டான்.

மாமனார் டீயின் ஆவியில் முகத்தை நீட்டினார். மங்கவில்லை. பட்டறை முழுதும் பளிச்சென்று தெரிந்தது. தரையில் கிடந்த தன் காரும் தெரிந்தது.

உடனே மாமியாருக்குப் போன் போட்டார்.

"சின்ன மாப்பிள்ளைய என்னமோன்னு நெனச்சேன். கண்ணாடி வேலையெல்லாம் தங்கமாப் பண்றாரு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கார் வேலைதான், பாவம், சுத்தமா வரல."