ஆறாவது கேள்வி

“வண்டி இன்னைக்கு நல்லா இருக்கு. நாளைக்கும் இருக்குமான்னு யாராவது சொல்லுங்க” என்றாள் செவிலி.

முன்னறையில் அப்போது நால்வர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் செவிலி, மடியில் பிரசவப் பையோடு. எதிரே சோபாவில் அவள் தம்பி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. நிலைப்படியை ஒட்டிய முக்காலியில் மெக்கானிக். கையெல்லாம் எண்ணெய் என்று உள்ளே வர மறுத்துவிட்டார். மேஜையருகே, பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக, அவள் கணவர். நகராட்சிப் பதிவறையில் எழுத்தர். ஐந்தாவது ஆளைப் போல வாசலில் நின்றது அந்தச் சின்ன எஸ்யூவி. ஏழு வயது, எண்பத்து மூவாயிரம் கிலோமீட்டர். சொந்தக்காரர் ஊர் மாறிப் போகும் ஒரு பல் மருத்துவர். பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

மெக்கானிக் இரண்டு மணி நேரம் பார்த்திருந்தார். ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பியதில் புகை இல்லை. அடியில் துரு இல்லை. முன்சக்கரத்து ரப்பர் புஷ் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும். கிளட்ச் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அதற்கு மேல் கேட்டபோது கையை விரித்தார்.

“அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு நான் சொன்னா அது ஜோசியம் அக்கா.”

அவளுக்கு வேண்டியது அந்த ஜோசியம்தான். வலி கண்ட வீடுகளுக்குப் போகிறவள். பழைய கார் ஒரு மழைநாளில் ஆற்றுப்பாலத்து நடுவில் படுத்துவிட்டது. பையைத் தலைமேல் பிடித்தபடி மூன்று கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தபோது, குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது. அந்தக் காரை வாங்கச் சொன்னவர் கணவர்.

“தாயும் பிள்ளையும் நல்லா இருந்தாங்க. அதனாலதான் உங்களோட இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன்” என்று இப்போதும் ஒருமுறை நினைவுபடுத்தினாள்.

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது, வளர்த்த கையைப் பார்க்க வேண்டும் என்றார். பல் மருத்துவர் ஒரு சர்வீஸ்கூடத் தவறவிட்டதில்லை. பில்கள் தேதிவாரியாக இருக்கின்றன. உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். தாராளமாக வாங்கலாம்.

தம்பி சிரித்தான். “அத்தான், சைக்கிள்ல செயின் கழண்டாலே வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வர்ற ஆளு நீங்க.”

செவிலி எழுந்து அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்புறம் முழுக்க, மோட்டார் மாத இதழிலிருந்து வெட்டி ஒட்டிய ‘அச்சாணி பதில்கள்’.

“கிலோமீட்டரைப் பார்க்காதே, வளர்த்த கையைப் பாருன்னு அச்சாணி போன மாசமே எழுதிட்டார். அவர் தெரிஞ்சு எழுதுறார். நீங்க அதைப் படிச்சிட்டு ஒப்பிக்கிறீங்க.”

அச்சாணி என்ற பெயரைக் கேட்டதும் மெக்கானிக் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி எழுதுகிறவர் ஏதோ ஒரு பட்டறையில் முப்பது வருஷம் கிடந்தவராகத்தான் இருக்க வேண்டும், நகக்கண்ணில் கிரீஸ் ஏறாதவனுக்கு அந்த எழுத்து வராது என்றார். இல்லை, ஏதோ பெரிய கார் கம்பெனியில் தலைமை எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவராம், தன் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும் என்றான் தம்பி. இருவரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். கணவர் அதில் தலையிடவில்லை.

“அவர் இந்த வண்டியைக் கண்ணால பார்த்ததில்லையே” என்றார் மெதுவாக.

“பார்த்த நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க?” என்றாள் செவிலி.

பதில் உறை வைத்து அனுப்பினால், அடுத்த இதழ்வரை காக்க வைக்காமல் அச்சாணி ஒரே வாரத்தில் நேராகப் பதில் போடுவார். தட்டச்சு செய்து, அரைப் பக்கத்தில். எனவே அவருக்கே எழுதிவிடுவது என்று தீர்மானமாயிற்று. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் அந்த வேலை கணவர் தலையில் விழுந்தது.

மனைவி சொல்லச் சொல்ல, ஓரம் விட்டு, எண் போட்டு எழுதினார். இந்த ரகத்தில் வயதானால் முதலில் கெடுவது எது, மேட்டுப்பாதையில் தினம் நாற்பது கிலோமீட்டர் தாங்குமா, டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது, தேங்கிய தண்ணீரில் இறக்கினால் நின்றுவிடுமா, இன்னும் எத்தனை வருஷம் நம்பி ஓட்டலாம். ஐந்தாவது முடிந்ததும் பேனாவை மூடப் போனார்.

“இருங்க, இன்னொண்ணு இருக்கு. ஆறுன்னு போடுங்க. என் கணவர் இந்த வண்டியை வாங்கலாம்னு சொல்றார். முன்னாடி அவர் சொல்லி வாங்கினது பாலத்துல நின்னுடுச்சு. அவர் பேச்சை நம்பலாமா?”

“இதையெல்லாம் போய் அவர்கிட்ட கேட்கணுமா?”

“எழுதுங்க. அவர் நம்பலாம்னு சொன்னா நாளைக்கே வாங்கிடலாம். இல்லைன்னா, இனிமே வண்டி விஷயத்துல நீங்க வாயே திறக்கக் கூடாது.”

எழுதினார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. தாளை மூன்றாக மடித்து, தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் உள்ளே வைத்து, பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அவர் தெருமுனைக்குப் போகும்வரை மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சல் பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டது. வியாழக்கிழமை அது பத்திரிகை அலுவலகத்தின் வழக்கமான கட்டோடு நகராட்சிப் பதிவறைக்கு வந்து சேரும். பதினொரு வருஷமாகச் செய்துவருவது போலவே, மேலதிகாரிக்கும் மனைவிக்கும் தெரியாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அதைப் பிரித்து, ஆறு கேள்விகளுக்கும் பதிலைத் தட்டச்சு செய்து, அடியில் ‘அச்சாணி’ என்று போட வேண்டும்.