மேட்டுக்காட்டுத் துரைசாணி

"காட்ட எடுத்து எங்களுக்குக் குடுக்க வேணாம் மிஸ். அது தொரசாணி இருக்கிற எடம்."

கொழுந்து பறிக்கும் கருப்பம்மா இப்படிச் சொன்னதும் றுமைஸாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தப் போகிறார்கள், மக்கள் கருத்தைக் கேட்டு வா என்று அவளைப் பதுளை அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். பசறை வரைக்கும் பஸ். அதற்கு மேல், இடுப்பு எலும்பைக் கழற்றி மாட்டும் ரோட்டில் த்ரீவீலர். மடுல்சீமைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். தேயிலைக்கு மேலே இருக்கும் மேட்டுக்காடு பாதுகாப்பிலேயே இருக்கட்டுமா, இல்லை, அதை விடுவித்து, வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா? கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்துக்கொண்டுதான் றுமைஸா வந்தாள். தலைமுறை தலைமுறையாக லயத்தில் முடங்கிக் கிடப்பவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் கிடைத்தால் அவளுக்கும் சந்தோஷம்தான்.

இங்கேயோ, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் கருப்பம்மாவுக்குத் தலையாட்டினார்கள்.

"வெள்ளைக்காரத் துரைமார் போயி எவ்வளவு காலமாச்சு? இன்னும் ஒரு துரைசாணிக்காகக் காணிய வேணாங்கிறீங்களா அக்கா?"

"அவங்க அங்க இருக்கிறதாலதான் மிஸ் காட்டுப் பன்னி எறங்காம எங்க மரக்கறித் தோட்டமே தப்பிச்சிருக்கு."

"சரி, அவங்க பேர் என்ன?"

"ஐயையோ! பேரெல்லாம் நாங்க வாயால சொல்ல மாட்டோம். தொரசாணின்னு சொன்னாத்தான் மரியாதை."

புருஷன் பேரைச் சொல்லாதவர்களை றுமைஸா பார்த்திருக்கிறாள். முதலாளி பெண்டாட்டியின் பேரைக்கூடவா சொல்ல மாட்டார்கள்? அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"துரை என்ன சொல்றாரு?"

"அவரு எங்கங்க இருக்காரு? எப்பயாச்சும் வருவாரு, ரெண்டு நாள் தங்குவாரு, போயிருவாரு. புள்ளைங்க ரெண்டையும் ஒத்தையில வளக்கிறது அவங்கதான். பொம்பளன்னா அப்படியில்ல இருக்கணும்!" கருப்பம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. சொந்த மகளைப் பற்றிப் பேசினால்கூட அவ்வளவு பூரிப்பு வந்திருக்காது.

"சாயங்காலத்துல அவங்க நடந்து வந்தா நாங்க ஓரமா ஒதுங்கிருவோம்" என்றாள் பக்கத்தில் இருந்த விஜயலெட்சுமி. "அந்த நடையப் பாக்கணுமே மிஸ்! ஒரு நாளும் யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல."

"ஒண்ணும் செஞ்சதில்லயா?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் வீரசிங்கம். "அப்ப என் நாயத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"நாயையா? உங்களைக் கேக்காமலா?" றுமைஸா திகைத்தாள்.

"தொரசாணிகிட்ட யாருங்க போய்க் கேக்கிறது?"

மடுவமே சிரித்தது. வீரசிங்கமும் சேர்ந்து சிரித்தார். றுமைஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாயைப் பறிகொடுத்தவனே சிரிக்கிறான் என்றால் எவ்வளவு அடக்கி வைத்திருப்பார்கள்! பேச்சைப் பதிந்துகொண்டிருந்த போனை அணைத்தாள்.

"அக்கா, நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் மேல முடிவெடுப்பாங்க. பயத்துல சொல்றதை நான் கொண்டுபோக மாட்டேன். உங்களுக்கு வீடு வேணாமா?"

"வேணும்!" கருப்பம்மா இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள். "எங்கம்மா உசுரு போன அதே ஒத்த ரூம் காம்பராவுலதான் இப்ப என் மகளும் புருஷனோட குடும்பம் நடத்துறா. வீடு வேணாம்னு எந்தப் பைத்தியமாச்சும் சொல்லுமா? கீழ தேயில செத்து, புல்லு மண்டிக் கெடக்கிற மலை எவ்வளவு இருக்கு! அதக் குடுக்கச் சொல்லுங்க. மேட்டுக்காடு போனா அங்கருந்து எங்க பீலிக்கு வர்ற ஊத்துத் தண்ணியும் போயிரும், அவங்களும் போயிருவாங்க. சட்டத்த மாத்துறதா இருந்தா, கம்பிச் சுருக்கு வைக்கிறவனப் புடிச்சு உள்ள தள்ளுற மாதிரி மாத்துங்க. அவங்க புள்ளைங்க அங்கதான் ஓடி வெளையாடுதுங்க. பயம் இருக்குதான் மிஸ், இல்லன்னா பொய்யி. ஆனா இது பயத்துல சொல்றதில்ல. நாங்களும் வாழணும், அவங்களும் வாழணும்."

வீட்டையும் விட்டுக்கொடுக்காமல் காட்டையும் விட்டுக்கொடுக்காமல், தேங்காய் உடைத்த மாதிரி பேசிவிட்டாளே! றுமைஸாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போனை மறுபடி எடுத்து, சொன்னதையே இன்னொரு தரம் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டாள்.

ஆனாலும் அந்த நாய் விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

"போறதுக்கு முன்னால உங்க துரைசாணியை நேர்ல பாத்து நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்."

வீரசிங்கம்தான் எழுந்து வந்தார்.

"கேக்கிறதெல்லாம் கஷ்டங்க. வேணும்னா பாக்கலாம், இது அவங்க வர்ற நேரந்தான். வாசலத் தாண்டிராதீங்க, சத்தமும் போடாதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, மேட்டுக்காட்டு ஓரத்துப் பாறையைக் கைகாட்டினார்.

அங்கே, சாய்வெயிலில் புள்ளி புள்ளியாய் மின்னும் உடம்பை நீட்டிப் படுத்தபடி, தன் குட்டிகள் இரண்டுக்கும் வாலை ஆட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள் துரைசாணி.