எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது

‘உங்கள் நோயாளி ராஜலிங்கம் பத்திரமாக ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்கப்பட்டார்’ என்று கைபேசியில் செய்தி வந்தபோது, ராஜலிங்கம் வத்தேகமைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கதிரையில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

மகள் கிருஷாந்தி செய்தியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்கு வண்டியும் கட்டிலும் காலையிலேயே கைபேசியில் பதிந்துவிட்டு, அதற்குள் மருந்து வாங்கலாம் என்று டிஸ்பென்சரிக்கு ஓடினாள். அது பூட்டிக் கிடந்தது. வெகுநேரம் காத்திருந்து வெறுங்கையோடு இப்போதுதான் வந்து நிற்கிறாள்.

வண்டிப் பிரிவை அழைத்தாள்.

“எங்க வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சே மிஸ்! டிரைவர் ‘ஏற்றியாச்சு’ன்னு அழுத்தியிருக்காரு.”

“பொய்! அப்பா என் கண்ணு முன்னாடி இருக்காரு!”

“வாட்டுல கேளுங்க மிஸ்.”

அப்பா ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். “பேசாதீங்கப்பா, மூச்சு வாங்குது” என்று அடக்கிவிட்டு வாட்டை அழைத்தாள்.

“வண்டிக்காரங்க சொன்னாங்க, நாங்க கட்டில் குடுத்துட்டோம். வாட்டுல இருக்குறவருக்கு இன்னொரு வண்டி எப்படி மிஸ் வரும்? வண்டிப் பிரிவையே கேளுங்க.”

டவுன் ஆட்டோக்காரர்களோ, மழையில் தோட்டத்துப் பாதை ஏற மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டாவது இறங்கலாம் என்று பக்கத்து வீட்டுக் கணேஸைத் தேடினால், அங்கே பூட்டுத் தொங்கியது. நிறைமாத மனைவி ஜெயராணியை வைத்துக்கொண்டு மனிதன் எங்கே போனானோ!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே கெஞ்சி அழுவதற்குப் பூசாரிகூட இல்லை.

கடைசியில் நிரஞ்சனை அழைத்தாள். கூடப் படித்தவன், வண்டியும் கட்டிலும் பதியும் அந்தக் கைபேசிச் சேவைக்குக் கண்டியில் இருந்து புரோகிராம் எழுதிக் கொடுத்தவனே அவன்தான்.

“நிரஞ்சன், உங்கள்ல யாரு பெரியவரு? அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லு. எல்லாத்தையும் நிறுத்தி மறுபடி வண்டி அனுப்பட்டும்.”

“அப்படி யாருமே இல்ல கிருஷாந்தி. முன்னாடி ஒரே சர்வர்தான் எல்லாத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. அது படுத்தா மொத்தமும் படுத்துரும். அதான் பிரிச்சோம். இப்ப வண்டி தனி, கட்டில் தனி, டொக்டர் தனி. ஒண்ணு சொல்றதக் கேட்டு அடுத்தது தானா நடக்கும்.”

“சரி, இப்ப எது படுத்துருச்சு?”

அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். “ஒண்ணுமே படுக்கல. எல்லாம் சரியாத்தான் நடக்குது. எங்க கை வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் கையைத் தூக்கினார். மறுபடியும் அவள் அடக்கினாள்.

கைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்து, அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். பதிவு செய்த பெண் குரல் தேனாய்ப் பேசியது.

“வாழ்த்துக்கள்! உங்கள் நோயாளி ராஜலிங்கம் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்துள்ளார். தாயும் சேயும் நலம்.”

கிருஷாந்தி மெல்லத் திரும்பிப் பக்கத்து வீட்டுப் பூட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அத்தனை திணறலிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வந்த வண்டியில... ஜெயராணிய நான்தாம்மா ஏத்திவிட்டேன்.”